எதிரே உட்கார்ந்தால்தான் நட்பா?

கைபேசியில் தட்டிக்கொண்டிருப்பதெல்லாம் நட்பாகாது, நாலு பேரோடு நேரில் பழகினால்தான் மனிதர் தேறுவார். ஆட்டிசம் உள்ள ஐம்பது, அறுபது வயதுக்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் உறவினர்கள் தரும் தீர்ப்பு இது. அக்கம்பக்கத்தாரும் இதையே சொல்கிறார்கள். படித்துப் பட்டம் பெற்ற ஆலோசகர்களில் பலர் சற்று நாகரிகமான சொற்களில் இதையேதான் சொல்கிறார்கள். இத்தனை பேர் ஒத்துப்போகும் கருத்து என்பதாலேயே இதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

அதன் வலுவான வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். ஆட்டிசத்தில் முதன்மையான சிக்கல் சமூக உறவில் இருக்கிறது. முகம் பார்த்து, குரலின் ஏற்ற இறக்கம் கேட்டு, குறிப்பறிந்து பேசுவதில்தான் இவர்களுக்குத் தடுமாற்றம். எழுத்து அரட்டையில் இவை எவையும் இல்லை. ஆகவே அது தடுமாற்றத்தைத் தீர்ப்பதில்லை, ஒளித்து வைக்கிறது. வசதியாக ஓர் ஒளிவிடம் கிடைத்தவர் வெளியே வரப் பார்க்க மாட்டார். வயது ஏற ஏறப் பெற்றோர் மறைவார்கள், உடன்பிறந்தவர்கள் தங்கள் குடும்பத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் திரைக்கு அந்தப்பக்கம் இருக்கும் நண்பரால் ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்க முடியாது. இதற்கிடையில் இணைய மோசடிக்காரர்கள் வேறு. தனிமையைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை உலகில் ஆறு பேரில் ஒருவரை அது வாட்டுகிறது என்கிறது. அப்படியிருக்க, தனிமையின் விளிம்பிலேயே வாழ்பவர்களை நிழல் நட்புக்கு விட்டுவிடலாமா? அக்கறையில் பிறந்த கேள்விதான். ஆனால் அதன் ஒவ்வொரு படியிலும் பிழை இருக்கிறது.

பிழைகளுக்குள் போகுமுன் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆட்டிசம் என்றதும் தமிழர் கண்முன் வருவது ஒரு சிறுவன். 2013-இல் வந்த ‘ஹரிதாஸ்’ திரைப்படத்தில் சிறுவன், யெஸ். பாலபாரதியின் ‘துலக்கம்’ நாவலிலும் சிறுவன். அந்தச் சிறுவனுக்கும் ஒருநாள் நரை விழும் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. மனநல மருத்துவர் லியோ கேனர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்துக்கு மருத்துவ வடிவம் கொடுத்தது 1943-இல். இந்தியாவின் 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைகள் இருந்தன, ஆட்டிசம் இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. இருபத்தொரு வகைகளை ஏற்ற 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் முழு இடம் கிடைத்தது. 1966-இல் பிறந்தவருக்கு அப்போது வயது ஐம்பது. அதுவரை அவருக்குக் கிடைத்த அடையாளம் எல்லாம் ‘ஒரு மாதிரி’, ‘சிடுமூஞ்சி’, ‘யாரோடும் ஒட்டாதவர்’ என்பவைதான். பெண்ணாக இருந்தால் ‘மாமியாரிடம் முகம் கொடுத்துப் பேசத் தெரியாதவள்’. மருத்துவ வசதி பரவலாக உள்ள இங்கிலாந்திலேயே ஐம்பது வயதைத் தாண்டிய ஆட்டிசக்காரர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கண்டறியப்படாமலே இருக்கக்கூடும் என்று 2023-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களில் இத்தகையவர் இல்லை என்று யாராவது சத்தியம் செய்ய முடியுமா?

இனி மறுப்புகள்.

1. இந்த அளவுகோலை எல்லோருக்கும் வைக்கிறீர்களா? சென்னையை ஒட்டிய மாங்காட்டில் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ டல்லாசிலோ பிள்ளைகள் இருக்கும் வீடுகள் எத்தனை? அந்தத் தாய்மார்கள் தினமும் வாட்ஸப்பில் பேசுகிறார்கள். காலையில் என்ன சமையல், பேரனுக்குச் சளி தேவலையா, கொய்யா மரம் காய்த்ததா என்று கேட்கிறார்கள். அதை யாரும் நிழல் பாசம் என்று சொல்வதில்லை. முப்பது வருடம் கழித்து ஒன்றுகூடிய பள்ளித்தோழர் குழுவில் விடியற்காலை வணக்கமும் பூப்படமும் பறக்கும்போது அது நட்பின் மறுமலர்ச்சி என்கிறோம். அதே கருவியில் அதே அளவு சாதாரணமான பேச்சை ஆட்டிசம் உள்ள இருவர் பேசினால் மட்டும் அது தப்பித்தல், ஒளிதல், நோய்க்குறி. ஆக, திரையின் மேல் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதுதான் தீர்ப்பை மாற்றுகிறது.

தமிழில் இந்த வாதம் எடுபடவே கூடாது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நண்பரானவர்கள் என்று பள்ளிப் பாடத்தில் படித்தோம், பட்டிமன்றத்தில் கைதட்டினோம். நட்புக்கு நெருங்கிப் பழகுவது தேவையில்லை, உணர்வு ஒத்தால் போதும் என்ற கருத்து குறளின் நட்பு அதிகாரத்திலேயே இருக்கிறது. உரையாசிரியர் பரிமேலழகர் அதற்குச் சான்று காட்டுவதும் இந்த இருவரைத்தான். “பிசிராந்தையார் கடைசியில் நேரில் வந்தாரே” என்று ஒருவர் மடக்கலாம். வந்தார். நட்பு முற்றிய பிறகு வந்தார். சந்திப்பை முன்நிபந்தனையாக வைத்திருந்தால் அந்த நட்பே முளைத்திருக்காது. இதே வரிசை நம் காலத்திலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஜிம் சின்க்ளேர் முதலான ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் 1992-இல் தங்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களை இணைத்தவை கடிதமும் மின்னஞ்சலும். எழுதிப் பழகியவர்கள் 1996-இல் ‘ஆட்ரீட்’ என்ற பெயரில் ஆண்டுக்கூடலையே நடத்தினார்கள். அங்கே நிற அட்டை குத்திக்கொள்ளும் வழக்கம் உருவானது. சிவப்பு என்றால் இப்போது பேச வேண்டாம், மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம், பச்சை என்றால் நீங்களே வந்து பேச்சைத் தொடங்குங்கள். எழுத்தில் நட்பு பிடித்தவர் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவார் என்பவர்கள் இந்த அட்டைகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

2. ஒதுங்கினார்களா, ஒதுக்கப்பட்டார்களா? ‘திரை அவர்களை ஒதுக்கிவிடும்’ என்ற கூற்று காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி வைக்கிறது. கைபேசி வருமுன் இந்த மனிதர்களுக்கு நிறைய நண்பர்கள் இருந்ததுபோலவும், தொடுதிரை வந்து கெடுத்ததுபோலவும் பேசுகிறோம். நாற்பது வருடம் நேரில்தான் இருந்தார்கள். பள்ளியில், தொழிற்சாலையில், கல்யாண வீட்டில் எல்லாம் நேரில்தான். அந்த நாற்பது வருட நேர்ப்பழக்கத்தின் விளைவுதான் இன்றைய தனிமை.

ஏன் அப்படி ஆகிறது என்பதற்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நோவா சாசனும் அவரோடு சேர்ந்தவர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு கண் திறப்பது. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசிய சிறு பதிவுகளைப் பிறரிடம் காட்டி, இவரோடு பழக விரும்புவீர்களா என்று கேட்டார்கள். காணொளியாகப் பார்த்தவர்களும் குரலை மட்டும் கேட்டவர்களும் அசையாத படத்தைப் பார்த்தவர்களும் சில நொடிகளிலேயே ஆட்டிசம் உள்ளவர்களைத் தள்ளிவைத்தார்கள். பேசியதை எழுத்தாக்கி வார்த்தைகளை மட்டும் கொடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. சொன்ன விஷயத்தில் குறையில்லை. சொன்ன முகமும் குரலும் கேட்பவருக்குப் பழக்கமில்லாதவை, அவ்வளவுதான். இந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். ஒருவரை அவர் சொற்களால் மட்டும் எடைபோடும் இடம் எழுத்து அரட்டை. அங்கே அவருக்கு முதல்முறையாகச் சமமான தொடக்கம் கிடைக்கிறது. அதைப் பிடுங்கிக்கொண்டு, சில நொடியில் தோற்கும் இடத்துக்கே மறுபடி மறுபடி அனுப்புவதற்குத்தான் பழக்குவது என்று பெயர் வைத்திருக்கிறோம்.

தானும் ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்ட்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2012-இல் இன்னும் கூர்மையாகக் கேட்டார்: புரியாமை இருபக்கமும் இருக்கும்போது பழியை ஒரு பக்கத்தில் மட்டும் போடுவது ஏன்? அதைச் சோதிக்க எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டன் குழு 72 பேரை எட்டெட்டுப் பேராக நிறுத்தி ஒரு கதையை வாய்வழியாகக் கடத்தச் சொன்னது. 2020-இல் வந்த முடிவின்படி, ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையும் இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையும் கதையை ஒரேயளவு காப்பாற்றின. கலந்து நின்ற வரிசைகளில்தான் கதை அதிகம் சிதைந்தது. 2025-இல் அதே குழு 311 பேரோடு திரும்பச் செய்தபோது கலப்பு வரிசைகளின் அந்தச் சரிவு தென்படவில்லை. ஆகவே அந்தப் பகுதியை நான் சாட்சிக்கு இழுக்கப்போவதில்லை. இரண்டு ஆய்வுகளிலும் நிலைத்து நின்றது ஒன்று: ஆட்டிசம் உள்ளவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதில் எந்தப் பற்றாக்குறையும் இல்லை. ‘ரெண்டு பேரும் அப்படியே இருந்தா யார் யாரைத் திருத்துறது’ என்ற கேலிக்கு இது போதும்.

இதற்கு மேலும் ஒரு விலை இருக்கிறது. நேரில் பழகும்போது பலர் நடிக்கிறார்கள். கண்ணைப் பார்ப்பதுபோல் புருவத்தைப் பார்க்கிறார்கள், சிரிக்க வேண்டிய இடத்தை எண்ணி வைத்துச் சிரிக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் தற்கொலை எண்ணத்தோடு சேர்ந்து காணப்படும் காரணிகளில் இந்த நடிப்பும் ஒன்று என்று சாரா காசிடி குழுவின் 2018 ஆய்வு காட்டியது. நேர்ப்பழக்கம் இலவச மருந்து என்று எண்ணிக் கொடுப்பவர்கள் இந்த விலையைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

3. சரி, எங்கே போய்ப் பழகுவது? பொதுவாகச் சொல்லும்போது நன்றாக இருக்கும் அறிவுரை, ஊர்ப்பெயர் சொல்லிக் கேட்டால் தடுமாறும். மாங்காடு பேரூராட்சியாக இருந்து 2021-இல் நகராட்சி ஆனது. வயலும் ஏரிக்கரையும் மனைப்பிரிவுகளாக மாறிய ஊர் இது. பக்கத்து வீட்டில் இருப்பவர் இரண்டு வருடத்தில் வாடகை மாறிப் போய்விடுகிறார். திண்ணை வைத்துக் கட்டிய வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கூட்டம் கூடும் இடம் என்றால் காமாட்சியம்மன் கோயில். ஆறு வார வழிபாட்டுக்கு எலுமிச்சம்பழத்தோடு வருபவர்கள் வரிசையில் நிற்கும்போது தோளோடு தோள் இடிபடும், மணியும் ஒலிபெருக்கியும் சேர்ந்து முழங்கும். அடுத்தது கல்யாண மண்டபம், அங்கே ஒலி இன்னும் அதிகம். போரூருக்குப் போக ஷேர் ஆட்டோவில் ஏறினால் முன்பின் தெரியாத நால்வரின் முழங்கை மேலே படும். பூந்தமல்லி சாலையின் இரைச்சலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நின்றால் கதவைத் திறந்து இறங்குவதே பாடு. ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாக உணர்வது ஆட்டிசத்தின் கண்டறி அளவுகோல்களில் ஒன்றாக 2013-லேயே சேர்க்கப்பட்டுவிட்டது. கூச்சம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. அது உடம்பில் நடப்பது.

நேர்ப்பழக்கத்தின் ஆதரவாளர்களுக்கு நானே ஒரு நல்ல உதாரணம் தருகிறேன். கேனர் எழுதிய பதினொரு பேரில் முதலாமவர் டொனால்ட் டிரிப்லெட். 1933-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரெஸ்ட் என்ற சிற்றூரில் பிறந்து, வங்கியில் வேலை செய்து, கோல்ஃப் ஆடி, உலகம் சுற்றி, நண்பர்களோடு காப்பி குடித்து, 2023-இல் தம் 89-ஆம் வயதில் மறைந்தார். நேரில்தான் பழகினார், நிறைவாகத்தான் வாழ்ந்தார். ஆனால் அந்த வாழ்வை அமைத்துக் கொடுத்தது எது? வசதியான குடும்பம் ஒன்று. பிறந்ததிலிருந்து அவரைத் தெரிந்த ஊர் இன்னொன்று. அவர் ஆட்களுக்கு எண் வைத்துக் கூப்பிட்டால் அதை அவர் வழக்கமாக ஏற்றுக்கொண்டது அந்த ஊர். மாறிக்கொடுத்தது ஊர்தான். மாங்காட்டையோ பூந்தமல்லியையோ அப்படி மாற்றிக்கொடுக்கும் திட்டம் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், இந்தக் கட்டுரையின் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அது வரும்வரை ஒருவர் தன் நட்பைத் தள்ளிப்போட்டுக் காத்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அங்கே விரலால் பிரெயில் படிக்கும் மாணவரிடம் யாரும் ‘கண்ணால் படிப்பதுதான் உண்மையான படிப்பு, இது உன்னைச் சோம்பேறியாக்கும்’ என்று சொல்வதில்லை. படிப்பின் பொருள் உள்ளே போகும் வழி எதுவானால் என்ன என்ற தெளிவு அங்கே நமக்கு இருக்கிறது. மூன்று, நான்கு கிலோமீட்டர் தள்ளி மாங்காட்டுக்கு வந்ததும் அந்தத் தெளிவு போய்விடுகிறது.

4. ‘அரட்டையால் என்ன பயன்?’ என்று கேட்பவர்களுக்கு: பயன் எதற்கு இருக்க வேண்டும்? இந்தியாவில் ஆட்டிசத்தை அளக்கும் அளவுகோலில் நாற்பது கேள்விகள், ஆறு பகுதிகள். கண்ணோடு கண் பார்க்கிறாரா என்பதிலிருந்து அது தொடங்குகிறது. சான்றிதழுக்கு அப்படி ஏதாவது ஒன்று தேவை, குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பார்வை சான்றிதழோடு நிற்காமல் வாழ்நாள் முழுவதும் பின்தொடர்கிறது. விளையாட்டு என்றால் சிகிச்சை, பாட்டு என்றால் சிகிச்சை, நட்பு என்றால் சமூகத்திறன் பயிற்சி. ஐம்பத்தெட்டு வயதில் இன்னும் என்ன பயிற்சி? மற்றவர்கள் டீக்கடையில் அரசியலும் மழையும் பேசிவிட்டு எழுந்து போகிறார்கள், மதிப்பெண் போட யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. பழைய பேருந்துத் தட எண்களையோ, எம்.எஸ்.வி. இசையமைத்த பாடல்களின் ஆண்டுகளையோ, இன்று ரசத்தில் புளி கூடிப்போனதையோ இரண்டு பேர் எழுதிக்கொண்டால் அதுவும் அதே டீக்கடைப் பேச்சுதான். பதிலுக்கு அரை நாள் எடுத்துக்கொள்ளலாம், நடுவில் காணாமல் போகலாம், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இந்தத் தளர்வுதான் அதன் சுகம். அதிகம் நெருக்கமில்லாதவர்களோடு பேசும் சின்னச் சின்னப் பேச்சுகூட மனநிறைவோடு சேர்ந்தே காணப்படுகிறது என்று ஜிலியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் 2014-இல் எழுதினார்கள். ஆராய்ச்சி சொல்லித்தான் இது தெரிய வேண்டுமா என்பது வேறு விஷயம்.

5. மோசடி பயம் நியாயமானது, அதற்குச் சொல்லும் மருந்துதான் தவறு. நேரடியாகச் சொன்னதை நேரடியாக நம்புபவர்களை ஏமாற்றுவது எளிது. ஆனால் ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் முதலில் செய்வது என்ன? யாரிடமும் சொல்லாதே, அறைக்கதவைச் சாத்து, இணைப்பைத் துண்டிக்காதே என்பதுதான். தனித்திருப்பவரே அவர்களுக்கு வசதி. ‘இப்படி ஒருவர் அழைத்தார், உண்மையா?’ என்று உடனே எழுதிக் கேட்க நான்கு பேர் இருப்பவர் தப்பிக்கிறார். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணைச் சொல்லிக்கொடுங்கள், பணம் கேட்டால் யாராயினும் நிறுத்து என்ற விதியை எழுதி ஒட்டுங்கள். நட்பை வெட்டுவது மோசடிக்காரருக்கு நாமே பாதி வேலையை முடித்துக் கொடுப்பது.

6. கடைசியாக, அந்த ஒரு வாய்த் தண்ணீர். எதிர்வாதங்களில் கனமானது இதுதான். ‘எங்களுக்குப் பிறகு யார்?’ என்ற கேள்வி பெற்றோரின் தூக்கத்தைத் தின்பது. மதுரையில் இருக்கும் அரட்டை நண்பர் மாங்காட்டில் காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி வைத்துத் தர மாட்டார். முழுக்க ஏற்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு நட்பு பதில் சொல்ல வேண்டும் என்று யார் சொன்னது? நேரில் பழகும் நண்பர்கள் மட்டும் முதுமையில் ஒருவரை வைத்துப் பராமரிக்கிறார்களா? உங்கள் நண்பர்களில் எத்தனை பேரிடம் அதை எதிர்பார்க்கிறீர்கள்? பராமரிப்பு என்பது குடும்பமும் அரசும் கட்டித்தர வேண்டிய ஏற்பாடு. தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவருக்குச் சட்டப்படி காப்பாளர் நியமிக்கலாம், ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு இருக்கிறது, தங்கிவாழும் இல்லத்துக்கென ஒரு திட்டமும் இருக்கிறது. அவை போதுமானவையா, மாங்காட்டிலிருந்து எட்டும் தூரத்தில் ஓர் இல்லம் உண்டா என்று நகராட்சியையும் மாவட்ட ஆட்சியரையும் கேளுங்கள். கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், ஒரு மனிதர் மாலையில் அனுபவிக்கும் அரைமணி நேர அரட்டையின் தலையில் முதியோர் பராமரிப்பின் பாரத்தை ஏற்றுவது வசதியான திசைதிருப்பல். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரவு ஒன்பதுக்கு வழக்கமாக எழுதுபவர் இரண்டு நாள் எழுதவில்லை என்றால் முதலில் கவனிப்பது பெரும்பாலும் அந்த மதுரைக்காரர்தான். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

எல்லோருக்கும் எழுத்து அரட்டை பொருந்தும் என்று நான் வாதாடவில்லை. எழுதப்படிக்கக் கற்பிக்கப்படாதவர்கள் இருக்கிறார்கள், அறிவுசார் குறைபாடும் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், திரையே எரிச்சலூட்டும் சிலரும் இருக்கிறார்கள். குரல்பதிவு, படம், பக்கத்தில் மௌனமாக உட்கார்ந்திருப்பது என்று அவரவர்க்கு ஒரு வழி. மறுபுறம், வாய்ப்பேச்சு வராத பலருக்கு விசைப்பலகைதான் குரல். ‘நேரில் பேசினால்தான் நட்பு’ என்ற விதி அவர்களை நட்பிலிருந்தே ஒரேயடியாக வெளியேற்றிவிடுகிறது. சொல்பவர்கள் அதை எண்ணிச் சொல்வதில்லை, ஆனால் விதியின் விளைவு அதுதான்.

ஆலோசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நண்பர்கள் எத்தனை பேர் என்று கேட்டுக் குறிக்கும்போது எழுத்தில் பழகுபவர்களையும் எண்ணுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உங்கள் அண்ணனோ அத்தையோ கைபேசியைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்தால், ‘கீழே வை’ என்று சொல்லுமுன் யாரோடு பேசுகிறார் என்று கேளுங்கள். ஒரு பெயரைச் சொன்னால் அவரையும் நலம் விசாரித்ததாக எழுதச் சொல்லுங்கள்.